அல்சாஸ் எலிக்கு முறை சொன்னவர்

இரத்தினம் வென்றவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய அக்கா யோகராணி இதை மேலே வாசிக்கமாட்டார்.

இரண்டு தடவை நிராகரிக்கப்பட்ட அகதி விண்ணப்பத்தை மூன்றாம் தடவை வென்றார். "வணக்கம்", "சூடு", "கவனம்" என்ற மூன்று பிரெஞ்சுச் சொற்களோடு ஓர் உணவகத்தின் பின்வாசலால் உள்ளே போய், பத்தொன்பது வருடம் கழித்து அதே உணவகத்தின் சமையலறைக்குத் தலைவராக நின்றார். சார்செல்லில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த ஒரு கிழமையில், தன் வீடிருந்த ஒன்பதாம் மாடிக்குக் குளிர்சாதனப் பெட்டியை ஏற்றினார். எப்படி? ஏற்றமாட்டேன் என்று நின்ற லொறிச் சாரதியைக் கீழ்வாசலில் ஐந்து நிமிடம் மறித்துவைத்து, ஊர் கேட்டு, ஒழுங்கை கேட்டு, தாய்மாமன் பெயர் கேட்டு, கடைசியில் அவரைத் தனக்கு மைத்துனராக்கினார். மைத்துனர் ஏற்றமாட்டாரா? ஏற்றினார்.

இந்தக் கடைசி வெற்றியில்தான் ஆளின் இனம் தெரிகிறது. இரத்தினம் ஓர் உறவு பிடிப்பவர்.

மீன் பிடிப்பவருக்குக் கடல் வேண்டும், வலை வேண்டும். உறவு பிடிப்பவருக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியின் மெட்ரோ வாசலும் ஒரு சனிக்கிழமைப் பின்னேரமும் போதும். கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, யாராவது ஓர் அப்பாவி படியேற வருவார். அவருக்கு முன்னால் நம் ஆள் சும்மா நிற்பதுபோல நிற்பார்.

"தம்பி எவடம்?"

"கரவெட்டி."

"கரவெட்டியிலை?"

"கிழக்கு, அண்ணை."

"வாசிகசாலை தாண்டி, பச்சைக் கேற்?"

"ஓம்... அது பெரியம்மா வீடு."

"அப்பிடிச் சொல்லும்! உம்முடைய பெரியம்மாவின்ரை மருமோளின்ரை தமையன், என்ரை அத்தானுக்கு ஒண்டுவிட்ட தம்பி. நீர் எனக்கு மருமோன். அந்தப் பையை இஞ்சை தாரும், நான் தூக்கிறன்."

அத்தான் என்றது யோகராணியின் கணவரை. அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று உலகத்தில் எவரும் இல்லை. இது யோகராணிக்குத் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டும் இருப்பார். வாய் திறப்பாரா? திறக்கமாட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்மணி அவர். பால்காரர் கணக்கானாலும் பல்வைத்தியர் நேரமானாலும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுத்தான் எழுதுவார். பிழையைக் கண்டால் அன்றிரவு நித்திரை வராது. ஆனால் தம்பி உறவு பிடிக்கும்போது மட்டும் அந்த அடிமட்டம் கைப்பைக்குள் போய்விடும். "என்ரை தம்பிக்கு ஊருலகம் எல்லாம் சொந்தம்" என்று பியர்ஃபித்தில் தன் வீட்டு மாடிப்படியில் அயலவருக்குச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த இனத்தை வேறு எதனால் அடையாளம் காணலாம்? செத்தவீட்டுக்குப் போனால் செத்தவரைப் பார்க்குமுன் வாசலில் நிற்கும் செருப்புகளைப் பார்ப்பார்கள், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று. கல்யாணவீட்டில் பந்தியில் இருக்கமாட்டார்கள். பந்திக்கும் பந்திக்கும் நடுவே நடப்பார்கள். கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி சார்செல்லில் இறங்குமுன் எதிர் இருக்கையில் ஒரு பேரப்பிள்ளையைப் பெற்றுவிடுவார்கள். வழி கிடைக்காவிட்டால் "அங்கை சுத்தி இஞ்சை சுத்தி எங்கடை ஆக்கள்தான்" என்ற வசனம் கைவசம் இருக்கும். இரண்டு வார்த்தைகள் மட்டும் அவர்கள் வாயில் வராது. ஒன்று, "சொந்தமில்லை". மற்றது, "தெரியாது".

புதுச்சேரிக்காரரான லாசரையே இரத்தினம் விட்டுவைக்கவில்லை. லாசர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடிமகன், ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர், யாழ்ப்பாணத்தை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. அவருக்கு வழி கண்டுபிடிக்க இரத்தினத்துக்குப் பதினொரு நிமிடம் எடுத்தது. நடுவில் காரைக்காலில் ஒரு கப்பலையும் அதில் ஒரு கிளாக்கரையும் நுழைக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நிமிடம் லாசர் அவருக்குச் சித்தப்பா.

தெரிந்த உறவைச் சொல்லும்போது இரத்தினம் நேரே சொல்லிவிடுவார். உண்டாக்கிச் சொல்லும்போது "அது வந்து..." என்று தொடங்குவார். இந்த வித்தியாசம் உலகத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் பெயரை இன்னொரு தடவை சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், சுபாங்கி, இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தொலைபேசி எடுத்தால் ஒரு மாப்பிள்ளை, வைக்குமுன் இன்னொரு மாப்பிள்ளை, இருவரும் முறைக்காரர். அவள் விலங்கியல் படித்துவிட்டு நாட்டின் கிழக்கு எல்லையில், அல்சாஸ் பக்கம் ஒரு வளர்ப்பு நிலையத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் சேர்ந்ததற்கு விஞ்ஞான ஆர்வம் மட்டும்தான் காரணம் என்று யோகராணி நம்பவில்லை.

அந்த நிலையத்தில் வளர்ப்பது காட்டு ஹாம்ஸ்டர். கடைகளில் விற்கும் பஞ்சுருண்டை அல்ல. இது கினிப்பன்றி அளவு. முதுகு கபிலம், கன்னத்தில் வெள்ளைத் திட்டு, வயிறு சட்டியின் அடிபோலக் கறுப்பு. கோதுமையைக் கன்னப்பை வெடிக்கும்வரை அடைத்து வளைக்குள் கொண்டுபோய் மாரிக்குச் சேர்த்துவைக்கும். கோபம் வந்தால் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று நாயையும் மிரட்டும். ஒரு காலத்தில் பயிரைத் தின்கிறதென்று பொறிவைத்துக் கொன்றார்கள். இப்போது அருகிப்போய்விட்டதென்று சட்டம் போட்டுக் காக்கிறார்கள், பெருக்கி வயலில் விடுகிறார்கள். மனிதன் இப்படித்தான்.

முதல் ஞாயிறு பேச்சு இப்படிப் போனது.

"என்ன பிள்ளை, எலிப்பண்ணையிலை வேலையாம்?"

"எலி இல்லை, அப்பா. அம்ஸ்தேர்," என்றாள் ஹாம்ஸ்டரைப் பிரெஞ்சில்.

"சரி, அதுக்கு ஆர் ஆர் சொந்தம்?"

கல்யாணக் கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருந்த சுபாங்கிக்கு, எதிர்பாராமல் ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. உள்ளே புகுந்துவிட்டாள்.

"இதுக்குக் கூடப்பிறந்த இனம் இல்லை, அப்பா. அந்தப் பேரிலை இது ஒண்டுதான்."

"தனிப்பிள்ளையோ? பாவம். பெரியப்பா சித்தப்பா பிள்ளையள்?"

"சிரியாவிலை ஒண்டு, பொன்னிறம். வீட்டிலை வளக்கிறது அதுதான். பிறகு ருமேனியாவிலை ஒண்டு, துருக்கியிலை ஒண்டு, கொக்கேசியாவிலை ஒண்டு."

"நாலும் ஒரு வளவு. பிறகு?"

"சைபீரியாவிலை குள்ள இனம். மாரி வந்தா வெள்ளையாப் போயிடும்."

"வெளிநாட்டுக்குப் போன பகுதி," என்றார் இரத்தினம், மனத்தில் குறித்துக்கொண்டே. "நல்லது கெட்டதுக்கு ஒண்டாச் சேருவினமோ?"

"மே நோன், அப்பா, இல்லவே இல்லை! ஒண்டை ஒண்டு கண்ணிலை காட்டக் கூடாது. ஆணும் பெண்ணும்கூட வருசத்திலை சில நாள்தான். பிறகும் பக்கத்திலை நிண்டா அவள் கடிச்சுக் கலைச்சுப்போடுவாள்."

"ஓ," என்றார் இரத்தினம். "அப்ப எங்கடை சனம்தான்."

அடுத்த ஞாயிறு அலெப்போ விஷயம் வந்தது. 1930இல் அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு வளையைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தார்களாம். இன்று உலகமெங்கும் கூண்டுக்குள் சக்கரம் சுற்றும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வயிற்றின் வழி வந்தவையாம்.

"அப்ப ஆரை ஆர் கலியாணம் செய்தது?" என்று கேட்டார் இரத்தினம்.

"சகோதரங்களுக்குள்ளைதான், அப்பா."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் ஒரு புதுக் கூண்டோடு தன் கட்டடத்தின் நான்காம் மாடியில் ஹரிப்பிரியா வீட்டு மணியை அடித்தார். அந்த வீட்டில் பொன்னிற ஹாம்ஸ்டர் இரண்டு ஒரே கூண்டில் இருந்தன.

"தங்கச்சி, இதுகள் ரெண்டும் ஒரு தாய் வழி. ஒரு கூரைக்குக் கீழை வைச்சிருக்கிறது சரியில்லை."

ஹரிப்பிரியா தலையைக்கூடக் கட்டவில்லை. "அண்ணை, ரெண்டும் பொம்பிளை," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இரண்டு வருடம் ஞாயிறு தவறவில்லை. நிலையத்தில் பிறந்த ஒவ்வொரு குட்டிக்கும் "தாய் ஆர், தேப்பன் ஆர், அவையின்ரை தாய் ஆர்" என்று இரத்தினம் கேட்டார். மாப்பிள்ளைப் பேச்சு வராமலிருக்க சுபாங்கி ஒன்றுவிடாமல் சொன்னாள். எண்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. காது கிழிஞ்சவள், நெட்டைக்காலி, சோம்பேறி மூத்தவன், நித்திரைகொள்ளி என்று பட்டம் வைத்துக்கொண்டார். லா சப்பலில் யாராவது "எப்பிடி அண்ணை, வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்டால், "நெட்டைக்காலிக்கு ஏழு பிள்ளை, எல்லாம் சுகம்" என்று பதில் வரத் தொடங்கியது. கேட்டவர்கள் எந்த ஊர் நெட்டைக்காலி என்று யோசித்துக்கொண்டே போனார்கள்.

சிரிப்பு இதுவரைக்கும்தான். இரண்டாயிரத்து இருபத்துநான்கு மார்ச் கடைசியில், மாரிகால நித்திரை முடிந்து ஹாம்ஸ்டர்கள் எழும்பும் நேரத்தில், நிலையத்துக் கணினி செத்துப்போனது. பிரதி எடுத்துவைப்பது சுபாங்கியின் வேலை. இரண்டு வருடமாக எடுக்கவில்லை. தோலுக்கடியில் இருக்கும் அடையாளச் சில்லு, இது முப்பத்தோராம் எண் என்று சொல்லும். யார் பெற்றது என்று சொல்லாது. முப்பத்தெட்டு உயிர்கள், தாய் தகப்பன் தெரியாமல். மே மாதம் சோடி சேர்க்க வேண்டும். இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கலாம், முடிவு ஜூலையில் வரும். தெரியாமல் சகோதரங்களைச் சேர்த்தால் குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும். வயலில் விட்டால் ஒரு மாரி தாண்டாது. நிலையப் பொறுப்பாளர் பெர்னார் சத்தம் போடுகிற ஆளில்லை. திங்கட்கிழமைக்குள் பட்டியல் இல்லையென்றால் இந்த வருடம் சோடியில்லை என்றார்; சோடியில்லையென்றால் சோடி சேர்ப்பவருக்கு நிரந்தர வேலை தரச்சொல்லித் தன்னால் கேட்க முடியாது என்றார். அவளுடைய ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியோடு முடிகிறது.

சனிக்கிழமை, ஏப்ரல் ஆறு. ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில் இருக்கும் தேநீர்க்கடையில் இரத்தினத்தின் தொலைபேசி அடித்தது. மேசையில் யோகராணியும் லாசரும் இருந்தார்கள்.

"அப்பா, உங்களுக்கு அதுகளின்ரை தாய் தேப்பன் ஞாபகம் இருக்கா?"

ஓர் உறவு பிடிப்பவரைப் பார்த்து இதைவிட அவமானமாக ஒரு கேள்வி கேட்க முடியுமா?

"ஒண்டிலை இருந்து சொல்லட்டோ, முப்பத்தெட்டிலை இருந்து வரட்டோ?" என்றார் அவர்.

தொலைபேசி சீனிப் போத்தலில் சாய்த்து வைக்கப்பட்டது. அந்தப் பக்கம் சுபாங்கி, அவள் பக்கத்தில் பெர்னார். இந்தப் பக்கம் யோகராணி கொப்பியைத் திறந்தார்; அடிமட்டம் கைப்பையை விட்டு வெளியே வந்தது. தாய்க்கு ஒரு நிரல், தகப்பனுக்கு ஒரு நிரல். தம்பி இன்று சொல்லப்போவது எவருக்கும் பை தூக்குவதற்கல்ல என்று அவருக்கு விளங்கிவிட்டது.

இரத்தினம் சொன்னார். எப்படிச் சொன்னார்! வடை பொரித்தவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஒன்பது, நெட்டைக்காலியின் மூன்றாவது, தகப்பன் சோம்பேறி மூத்தவன். பத்து, அதன் தங்கை. பதினொன்று, காது கிழிஞ்சவளின் தலைப்பிள்ளை, தகப்பன் கிழக்கு வயலில் பிடித்துவந்த முரடன். யோகராணி இரண்டு இடத்தில் முன்னுக்குச் சொன்னதைத் திருப்பிக் கேட்டு மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. "அது வந்து" ஒருதரமும் வரவில்லை.

பதினாறில் ஒரு சண்டை.

"பதினாறும் இருபத்திரண்டும் சகோதரம், தொடக் கூடாது. பதினாறும் இருபத்தஞ்சும் மச்சான் மச்சாள், தாராளமாச் செய்யலாம்."

சுபாங்கி மொழிபெயர்த்தாள். பெர்னார் எதையோ கணக்குப் பார்த்துவிட்டு நீளமாகப் பேசினார்.

"அப்பா, ரெண்டு சோடியும் ஒரே தூரமாம். ரெண்டிலையும் பாட்டா பாட்டி ஒண்டுதானாம். ரெண்டும் கூடாதாம்."

"என்ன கதை இது? பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் தாய்மார் அக்கா தங்கச்சி. அதாலை சகோதரம். இருபத்தஞ்சின்ரை தாய், பதினாறின்ரை தேப்பனுக்குத் தங்கச்சி. அது உரிமை! பெர்னாருக்கு இதை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

"அப்பா, அதுகளுக்கு உரிமை தெரியாது."

"தெரியாட்டி நாங்கள்தானே சொல்ல வேணும்?"

"தம்பி," என்றார் யோகராணி நிமிராமலே, "நீ தாய் தேப்பனை மட்டும் சொல்லு. கலியாணத்தை அவை பாக்கட்டும்."

இரத்தினத்துக்கு அது வலித்தது. என்றாலும் தொடர்ந்தார். முப்பது முடிந்தது.

"முப்பத்தொண்டு," என்றாள் சுபாங்கி. அவள் குரல் மாறியிருந்தது. "இது முக்கியம், அப்பா. எல்லாத்திலையும் திறமான ஆண் இதுதான். நாலு பெண்ணுக்கு விடப்போறம்."

"கட்டைவாலன். தாய் காது கிழிஞ்சவள். தேப்பன்..."

கட்டைவாலன் பிறந்த செய்தி வந்த ஞாயிறு, உணவகத்தில் நூற்றிருபது பேருக்கு ஞானஸ்நான விருந்து. பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. தகப்பன் பெயர் அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

கடை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகங்களில் பாதி அவருக்கு மருமகன், மீதி மச்சான். இரத்தினம் தேநீரை ஒரு வாய் குடித்தார். நாடியை உயர்த்தினார்.

"அது வந்து..."

யோகராணியின் பேனை நின்றது. அவர் மெதுவாகச் சொன்னார், ஆனால் மேசைக்குக் கேட்டது.

"தம்பி. இது மெட்ரோ வாசல் இல்லை."

இரத்தினம் அக்காவைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து மகள் மூச்சுவிடுவது கேட்டது. ஐம்பத்தொன்பது வருடத்தில் ஒருதரமும் பழக்கப்படாத அந்தச் சொல் அவர் தொண்டைக்குள் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தேட வேண்டியிருந்தது.

"தெரியாது," என்றார்.



பெர்னார் ஏதோ கேட்டார், சுபாங்கி ஏதோ சொன்னாள், பிறகு பெர்னார் கொஞ்ச நேரம் பேசினார். சுபாங்கிக்கு மொழிபெயர்க்க முடியாமல் மூக்கை உறிஞ்சவேண்டி வந்தது. "அதை ஜூலை வரைக்கும் தனிய வைக்கட்டாம், அப்பா. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுற ஆள் எண்டா, மற்ற முப்பத்தேழையும் அப்பிடியே எழுதட்டாம்."

யோகராணி முப்பத்தோராம் வரியில், தகப்பன் நிரலில், அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறினார். அதன்மேல் இன்னொரு தடவை கீறித் தடிப்பாக்கினார். பெருமையால்தான்.

ஆனால் கடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு கல் உருவினால் மதில் என்னவாகும் என்று பலர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் தொண்டையைச் செருமியவர் லாசர்.

"ரத்தினம், ஒரு விஷயம் கேக்கணும். காரைக்கால் கப்பல், அந்த கிளார்க்... நான் உங்களுக்கு நிஜமாவே சித்தப்பாதானா?"

இரத்தினம் வாயைத் திறந்தார். ஒரே நாளில் இரண்டாம் தடவையும் அந்தச் சொல் வந்துவிடும்போல இருந்தது.

"தேத்தண்ணி ஆறுது, சித்தப்பா," என்றார் யோகராணி. "குடியுங்கோ."

லாசர் குடித்தார். கடை மூச்சுவிட்டது. வடை மறுபடி பொரியத் தொடங்கியது.

மே முதலாம் திகதியிலிருந்து சுபாங்கிக்கு நிரந்தர வேலை என்று கடிதம் போனது. இரத்தினத்துக்கும் நிலையத்திலிருந்து ஒரு தபால் வந்தது. முப்பத்தேழு பேரின் தாய் தகப்பன் விவரத்தைத் தந்தவர் இவர்தான் என்று கோப்பில் வைக்க ஓர் அத்தாட்சிப் படிவம். "வாசித்தேன், ஏற்றுக்கொண்டேன்" என்று தன் கையால் எழுதிக் கீழே ஒப்பமிட வேண்டும். இப்படிப்பட்ட படிவங்களில் வழக்கமாக இருக்கும் கேள்வி இதிலும் இருந்தது: சம்பந்தப்பட்டவரோடு உறவுமுறை? ஊழியர் சுபாங்கியோடு என்ற இடத்தில் "தகப்பன்" என்று பெரிய எழுத்தில் மகிழ்ச்சியோடு எழுதினார். அடுத்த வரியை யாரோ தட்டச்சில் முன்பே நிரப்பியிருந்தார்கள். விலங்குகளோடு உறவுமுறை: இல்லை.

படிவம் எட்டு நாள் சார்செல் வீட்டு மேசையில் கிடந்தது. நெட்டைக்காலியின் பேறுகாலம் அவருக்குத் தெரியும். காது கிழிஞ்சவளின் காது எப்போது கிழிந்தது என்று தெரியும். ஒன்பதாம் நாள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, 'இல்லை' எண்டதை வெட்டிப்போட்டு 'தூரத்து' எண்டு எழுதினா ஏற்பினமோ?"

"ஏற்காயினம். ஒப்பத்தைப் போடு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கலாமா? இவ்வளவு நேரமும் வாசித்துவந்தீர்களே, சுபாங்கியின் தாய் எவடம், எந்தப் பகுதி, இதுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று மனதுக்குள் ஒருதரமாவது முணுமுணுத்தீர்களா இல்லையா? பெர்னாருக்குக் கல்யாண வயதில் மகன் இருக்கிறானா என்று? அப்படியானால் உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு படிவம் வரும். பேனையை எடுத்துவைத்துக்கொண்டு, எத்தனை நாள் பிடிக்கிறதென்று பாருங்கள்.

ஓர் உயிரோடு தனக்கு எந்த உறவும் இல்லையென்ற வரிக்குக் கீழே இரத்தினம் தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: வெள்ளிக்கிழமை, 19 ஏப்ரல் 2024.